கிளீட்டஸ் பெயரில் போனவர்

பட்டியலை ஏலக் கொட்டகைச் சுவரில் ஒட்டியபோது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. புயல் அடித்து ஓய்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. கடலுக்குப் போய்த் திரும்பாத போட்டுகள் எவை, எந்தப் போட்டில் யார் யார் என்று மலையாளத்தில் அடித்த நாலு தாள். அந்த நாலு தாளுக்கு முன்னால் நானூறு பேர் முண்டிக்கொண்டு நின்றார்கள்.

பேச்சியம்மாளுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து பன்னிரண்டு வருஷமாக மட்டாஞ்சேரி சரக்குக் கிட்டங்கியில் சுக்குப் பொறுக்குகிறவளுக்கு எழுத்து எதற்கு? மகள் மகா இங்கேயே பள்ளிக்கூடம் போகிறவள். மலையாளம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தமிழைத்தான் எழுத்துக்கூட்டிப் படிப்பாள். அவளை முன்னால் தள்ளிவிட்டு, தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள் பேச்சியம்மாள்.

மகா விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். ‘கடல்ராணி’ என்ற போட்டின் கீழே பதினோரு பெயர். முதல் பெயர் வியாகப்பன், சிராங்கு, அதாவது போட்டை ஓட்டுகிறவர். கடைசிப் பெயர் கிளீட்டஸ், சமையல்.

“அப்பா பேரு இல்லம்மா.”

“நல்லா பாருட்டி.”

“மூணு மட்டம் பாத்தாச்சு. இல்ல.”

இருக்காது என்று பேச்சியம்மாளுக்கும் தெரியும். தெரிந்திருந்தும் பார்க்கச் சொன்னாள். அவளுக்குப் பக்கத்தில், காய்ச்சல் தணியாத உடம்பைப் போர்வையால் மூடிக்கொண்டு நின்றவன்தான் அந்தக் கிளீட்டஸ். பெயர் காணாமல் போனவர்கள் பட்டியலில் இருக்கிறது, ஆள் இங்கே இருமிக்கொண்டு நிற்கிறான். அவன் பெயரில் கடலுக்குப் போனவர் பேச்சியம்மாளின் வீட்டுக்காரர் சங்கரலிங்கம்.

ஹார்பரில் இது ஒரு வழக்கம். போட்டு புறப்படும் முன் ஏறுகிறவர்கள் எல்லாருடைய மீனவர் அட்டையையும் காட்டிப் பெயர் பதிய வேண்டும். பதிந்த பிறகு ஒருத்தனுக்குக் காய்ச்சல், இன்னொருத்தன் வீட்டில் சாவு என்றால் யார் போய் மாற்றி எழுதிக்கொண்டிருப்பது? அதற்கே அரை நாள் போய்விடும். அதனால் அட்டை போகும், ஆள் மாறுவான். பத்து நாளில் போட்டு திரும்பிவிட்டால் எல்லாம் நேராகிவிடும். எல்லாப் போட்டும் திரும்பி வரும் என்ற தைரியத்தில் நடக்கிற வழக்கம்.

கிளீட்டஸ் குமரிமாவட்டத்துத் தூத்தூர்க்காரன், ‘கடல்ராணி’யில் சமையல். மட்டாஞ்சேரியில் வாய்க்கால் ஓரத்து லைன் வீட்டில் அவனுக்கும் பேச்சியம்மாள் குடும்பத்துக்கும் அடுத்தடுத்த அறை. பெயர் பதிந்த மறுநாள் திங்கட்கிழமை காய்ச்சலில் விழுந்தான். பொங்கிப் போட ஆள் இல்லாமல் போட்டு போகாது. சங்கரலிங்கம் பஜாரில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். அந்த வாரம் பார்த்து ஹோட்டலில் அடுப்பை இடித்துக் கட்டுகிற வேலை, கடை அடைப்பு. அங்கே வாடிக்கையாகச் சாப்பிடுகிற வியாகப்பன், “அண்ணாச்சி, நீங்க வாறீங்களா?” என்று விளையாட்டுக்குக் கேட்டார். மனுஷன் நிஜமாகவே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

“கொளத்துல கடைசிப் படிய தாண்டி எறங்குனது கெடையாது, கடலுக்குப் போறாவளாம்,” என்று பேச்சியம்மாள் சிரித்தாள்.

“பன்னெண்டு வருசமா கடலுக்குப் பக்கத்துல கெடக்கேன். ஒரு மட்டமாவது அது என்னன்னு பாத்துட்டு வந்துருதேன்,” என்றார் அவர். “மீனு கொண்டாறேன். நீ மசாலா அரச்சு வையி.”

செவ்வாய்க்கிழமை காலையில் போனார். வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு ஆட்டோவில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிக்கொண்டு வந்து, புயல் வருகிறது, யாரும் கடலுக்குப் போகக் கூடாது என்று கத்தினார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். போன போட்டெல்லாம் இரண்டு நாள் தூரம் போயிருந்தது. அந்தத் தூரத்துக்குக் கரையிலிருந்து போட்டு வயர்லெஸ் எட்டாது. ‘கடல்ராணி’யில் மிதக்கிற சட்டை நாலு இருந்ததாம். அதையும் தலைக்கு வைத்துப் படுப்பார்கள் என்று கிளீட்டஸ் சொன்னான். பதினோரு பேருக்கு நாலு தலையணை. இவ்வளவுதான் புயலுக்கு அவர்கள் செய்துவைத்திருந்த ஏற்பாடு.

கரையில் இருந்தவர்கள் மட்டும் என்ன ஏற்பாடு செய்திருந்தார்கள்? வெள்ளிக்கிழமை விடிந்தபோது காற்று லைன் வீட்டுத் தகரத்தில் பாதியை உரித்துக்கொண்டு போயிருந்தது. வாய்க்கால் ஏறி முழங்கால் அளவு கறுப்புத் தண்ணீர் அறைக்குள் வந்தது. அரிசியைத் தூக்கு, மகா புஸ்தகத்தைத் தூக்கு, காய்ச்சல்காரனைக் கட்டிலோடு தூக்கு என்று பேச்சியம்மாளுக்கு அன்றைக்கெல்லாம் அதே பாடு. சாயங்காலம் கிட்டங்கி மச்சில் ஈரத் துணியோடு உட்கார்ந்தபோதுதான் புருஷன் ஞாபகம் வந்தது. இவ்வளவு நேரம் நினைக்கவே இல்லையே என்று பதறி, வாயில் வைத்த சாயாவை அப்படியே கீழே வைத்துவிட்டாள். அந்தக் குற்ற உணர்ச்சி சனிக்கிழமையும் போகவில்லை, ஞாயிற்றுக்கிழமையும் போகவில்லை. அவருக்காக எதையாவது செய்தே தீர வேண்டும் என்று கை பரபரத்துக்கொண்டிருந்தது.

பட்டியலைப் பார்த்துவிட்டு மூன்று பேரும் ஒதுங்கி நின்றார்கள். கொட்டகைத் தரையில் பெண்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து, அவரவர் ஆள் பெயரைச் சொல்லி அழுதார்கள். ஒருத்தி பேச்சியம்மாளுக்கு இடம் விட்டு நகர்ந்து, “உங்க ஆளு எத்தனாவது நம்பரு?” என்று கேட்டாள். பேச்சியம்மாள் உட்காரவில்லை. அப்படியே விலகி வந்துவிட்டாள்.

“நான் போயி சொல்லப் போறேன்,” என்றாள் கிளீட்டஸிடம். “இது நீ இல்ல, எங்க வீட்டுக்காரவியன்னு.”

கிளீட்டஸ் தலையை ஆட்டினான். “வேண்டாம் எக்கா. எனக்க பேரு அங்கன கிடக்கட்டும். பேரு ஆருக்க பேரானா என்ன, தேடுதது ஆளைத்தானே? பதினொண்ணுன்னு இருந்தா, பதினொண்ணும் கிட்டுத வரைக்கும் தேடுவினும்.”

“கெடைச்சா? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆகி கெடைச்சா? ஒம் பேரச் சொல்லி ஒங்க ஊருக்குல்லா கொண்டு போவாங்க?”

“நான் உயிரோட நிக்கும்ப எப்படி கொண்டு போவினும்? அப்பம் நானே வந்து சொல்லுதேன். இப்பம் மிண்டாம இருங்க.”

காய்ச்சல் உடம்போடு நின்றாலும் அவன் புத்தி நேராகத்தான் வேலை செய்தது. பேச்சியம்மாளுக்குத்தான் செய்யவில்லை. அவன் ஊர்க் கோயிலில் அன்று காலைப் பூசையில் பதினோரு பேர் பெயரையும் வாசித்து ஜெபம் நடந்ததாக அவன் பெண்டாட்டி போனில் சொல்லியிருந்தாள். உயிரோடு இருக்கிறவனுக்காக ஒரு ஊரே முழங்கால் போட்டு அழுகிறது. கடலில் கிடக்கிற மனுஷனுக்காக ஒரு சொல் சொல்ல நாதியில்லை. அதை நினைக்க நினைக்க அவளுக்கு ஆற்றாமை பொங்கிக்கொண்டு வந்தது.

“எந் தாலிக்கு ஒரு பேரு கெடையாதா? அவிய பேரு சங்கரலிங்கம். எனக்கு அந்தப் பேருதான் வேணும்.”

மகாவும், “அம்மா சொல்றது சரிதானே மாமா. உள்ளதைச் சொல்றதுக்கு என்ன?” என்றாள். கிளீட்டஸ் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தான். பிறகு போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அவர்கள் பின்னால் நடந்தான்.

அரசாங்க உதவி மேசையில் இருந்தவர் விஸ்வநாத். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், எர்ணாகுளத்தில் இரண்டு தலைமுறை. தமிழ்நாட்டு ஆட்கள் நிறைய வருவார்கள் என்று அவரைப் பிடித்து அங்கே உட்கார வைத்திருந்தார்கள். சனிக்கிழமை முதல் தூங்காத கண்.

“உக்காருங்கோ. தமிழ்லயே சொல்லுங்கோ. நேக்குப் பேச வரும், எழுத்துதான் வராது. நான் மலையாளத்துல எழுதிக்கறேன்,” என்றார்.

பேச்சியம்மாள் ஒன்று விடாமல் சொன்னாள். கிளீட்டஸ் ஆதார் அட்டையை நீட்டினான். விஸ்வநாத் அட்டையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததைப் பேச்சியம்மாள் பார்த்தாள். இரண்டு நாளாகச் சாவுச் சேதியே கேட்டவருக்கு முதல் முதலாக ஒரு நல்ல சேதி. எழுந்து மைக்கைப் பிடித்து, ‘கடல்ராணி’ போட்டின் கிளீட்டஸ் உயிரோடு இருக்கிறார், கரையில் இருக்கிறார் என்று அறிவித்தார்.

கொட்டகையே எழுந்து ஓடி வந்தது. தெரியாத பெண்களெல்லாம் கிளீட்டஸின் கன்னத்தைத் தொட்டு, கையைப் பிடித்து, மாதாவே மாதாவே என்று அழுதார்கள். ஒருத்தன் வந்தால் இன்னொருத்தனும் வருவான் என்று அவர்களுக்கு ஒரு தெம்பு. கிளீட்டஸ் குற்றவாளி போலத் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

கூட்டம் கலைந்த பிறகு பேச்சியம்மாள் கேட்டாள். “அவிய பேர எழுதிட்டியளா சாரே?”

விஸ்வநாத் தயங்கினார். “மேல அனுப்பியிருக்கேம்மா. அவருக்கு மீனவர் அட்டை இல்லை. போட்டு முதலாளி சொன்னா எழுதலாம்.”

போட்டு முதலாளிக்கு அங்கேயே போன் போட்டார். பதினோரு அட்டை, பதினோரு ஆள், சங்கரலிங்கம் என்று யாரையும் எனக்குத் தெரியாது என்றது மறுமுனை. கிளீட்டஸ் போனைப் பிடுங்கி வாய்க்கு வந்தபடி ஏசினான். மறுமுனை போனை வைத்துவிட்டது. அட்டை இல்லாத ஆளை ஏற்றிக்கொண்டு போனதாக ஒப்புக்கொள்ள அவருக்கு என்ன பைத்தியமா? அடுத்தது போலீஸ் ஸ்டேஷன். பரோட்டா மாஸ்டரைக் காணவில்லை என்றால் ஹோட்டலில் விசாரிக்கிறோம் என்று மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் திருத்திய பட்டியலை ஒட்டினார்கள். மகா படித்தாள். ‘கடல்ராணி’யின் கீழே பத்துப் பெயர். கிளீட்டஸ் இல்லை. சங்கரலிங்கமும் இல்லை.

பேச்சியம்மாளுக்கு அப்போதுதான் எங்கோ இடறியது. திரும்ப விஸ்வநாத்திடம் ஓடினாள். “சாரே, பேரு இல்லாட்டியும் அவியளத் தேடுவாங்கள்லா?”

“தேடறது போட்டைத்தானேம்மா? போட்டு கிடைச்சா எல்லாரும் கிடைப்பா. உங்க மனு ரெண்டு நாள்ல வந்துடும்,” என்றார் அவர். பொய் சொல்கிற மனிதர் இல்லை. அவர் அப்படித்தான் நம்பினார், அவளும் நம்பினாள். திருத்திய பட்டியல் அன்றைக்கே தேடுகிற கப்பல்களுக்குப் போயிற்று.

செவ்வாய்க்கிழமை காலையில் ‘கடல்ராணி’யின் ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று ஹார்பர் அதிர்ந்தது. போட்டு கவிழ்ந்து குப்புறக் கிடந்ததாம். அதைப் பற்றிக்கொண்டு கிடந்தவர்களைத் திங்கட்கிழமை பொழுது சாயும் நேரத்தில் கப்பல் எடுத்திருக்கிறது. நாலு பேர் உயிரோடு. ஆறு பேர் பிணமாக. செத்தவர்களையும் விட்டுவிடாமல் வலைக் கயிற்றால் போட்டோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு மூட்டையாக இறங்க இறங்க, தரையில் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒவ்வொருத்தியாக விழுந்தாள்.

பேச்சியம்மாள் மூட்டைகளை எண்ணினாள். ஸ்டிரெச்சர்களை எண்ணினாள். ஒவ்வொரு முகத்தையும் விலக்கிப் பார்த்தாள். யாரும் தடுக்கவில்லை. பார்த்து முடித்தபோது, கடைசி ஸ்டிரெச்சரில் கிடந்த வியாகப்பன் அவளை அடையாளம் கண்டு கையைத் தூக்கினார். உதடெல்லாம் வெடித்து, முகம் உப்பில் வெந்து போயிருந்தது.

“தங்கச்சி, அண்ணாச்சி எப்படி இருக்காரு?”

பேச்சியம்மாளுக்குப் புரியவில்லை. “நீங்கதானே சொல்லணும்?”

“ஏன், அவரை எடுக்கல்லியா?” வியாகப்பன் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. துண்டு துண்டாகச் சொன்னார். நீந்தத் தெரியாதவர் என்று சங்கரலிங்கத்தை ஒரு காலி டீசல் கேனோடு சேர்த்துக் கட்டி, போட்டோடு பிணைத்து வைத்திருந்தார்கள். மூன்று நாள் தாக்குப் பிடித்துவிட்டார். மற்றவர்களுக்குத்தான் அவர் தைரியம் சொன்னாராம். கரைக்குப் போனதும் எல்லாருக்கும் பரோட்டா என்றாராம். திங்கட்கிழமை மத்தியானம் கயிறு அறுந்தது. கேனோடு மெல்ல விலகிப் போனார். “பொழுது சாயுத நேரத்துல கூட சத்தம் கேட்டுது. சிராங்கே, சிராங்கேன்னு விளிச்சாரு. கூப்பிடு தூரம்தான். அந்நேரம்தான் கப்பலும் வந்தது.”

“நீங்க சொல்லலியா அண்ணே?”

“மத்த மூணு பேருக்கும் போதமில்ல. எனக்கு நாக்கு வீங்கிக் கிடந்தது, பேச்சு வரல்ல. கையக் காட்டினேன். அவங்க கையில ஒரு தாளு இருந்தது. அதைப் பாத்தாங்க, எங்கள எண்ணினாங்க. பத்துக்குப் பத்து செரியா இருக்குன்னுட்டுத் திருப்பிட்டாங்க. ஒரு வட்டம், ஒரே ஒரு வட்டம் சுத்தியிருந்தா கண்டிருக்கும் தங்கச்சி. அதுக்குப் பொறகு எனக்கு போதமில்ல. அவரையும் எடுத்திருப்பினும்னுதான் இந்நேரம் வரைக்கும்...”

அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள். கதவை மூடும்வரை அவர் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளீட்டஸ் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். “நான் அன்னைக்கே சொன்னேனே” என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடப் பேச்சியம்மாளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவன் சொல்லவில்லை. நேரே போட்டுத் துறைக்கு ஓடி, ஊர்க்காரர்கள் ஆறேழு பேரைத் திரட்டி ஒரு போட்டைக் கிளப்பப் பார்த்தான். கயிற்றை அவிழ்க்கும் முன்பே காவல்காரர்கள் மறித்துவிட்டார்கள். அடுத்த காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருக்கிறதாம். மூன்று நாளைக்கு எந்தப் போட்டும் கரையைத் தாண்டக் கூடாதாம். போன வாரம் இரண்டு நாள் பிந்தி வந்த எச்சரிக்கை, இந்த வாரம் நேரத்துக்கு வந்துவிட்டது.

மேசையில் விஸ்வநாத் ‘கடல்ராணி’யின் தாளில் கடைசிப் பெயருக்கு நேரே கோடு போட்டுக்கொண்டிருந்தார். பேச்சியம்மாள் சொன்னதைக் கேட்டதும் பேனாவைக் கீழே போட்டார். போனை எடுத்தார். ஒரு இடத்துக்குச் சொன்னார், இன்னொரு இடத்துக்குச் சொன்னார், மூன்றாவது இடத்தில் குரலை உயர்த்திச் சண்டை போட்டார். வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“கப்பல் எல்லாம் திரும்ப வந்துண்டிருக்கும்மா. காத்து ஏறறதாம். மறுபடி அனுப்பணும்னா காணாதவா லிஸ்ட்டுல பேர் இருக்கணுங்கறா. அந்தப் போட்டுல யாரும் பாக்கி இல்லை, பத்துக்குப் பத்து முடிஞ்சாச்சுங்கறா. உங்க மனு இன்னும் வரலை.”

“அப்ப பழைய பேரையே எழுதுங்க.”

“எந்தப் பேரு?”

“கிளீட்டஸ்னு எழுதுங்க சாரே. கிளீட்டஸக் காணல, பதினோராவது ஆளக் காணலன்னு எழுதுங்க. நான் ஞாயித்துக்கெழம சொன்னது பூரா பொய்யி. என் வாயி அழுகிப் போவட்டும். கிளீட்டஸ்தான் போனான்.”

“எழுதுங்க சாரே,” என்றான் கிளீட்டஸ், அவள் பின்னால் நின்றபடியே. “நான் எங்கயாவது போயிடுதேன். ஆரும் என்னைக் காணாது.”

விஸ்வநாத் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நான்தானேப்பா மைக்குல சொன்னேன்? நீ இருக்கேன்னு ஊருக்கே சொல்லியாச்சே. உயிரோட இருக்கறவனைக் காணோம்னு நான் எப்படி எழுதறது?”

“அழிச்சது நீங்கதானே? எழுதவும் செய்யலாம்லா?” என்று பேச்சியம்மாள் மேசையைப் பிடித்து உலுக்கினாள்.

அழிக்கச் சொன்னது யார் என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை. நல்ல மனிதர், கேட்க வாய் வரவில்லை. கேட்காவிட்டால் என்ன, அவளுக்குக் கேட்டுவிட்டது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளை கெட்டுத் தொலையட்டும். இங்கே அவள் வாயால் கெட்டது, கூப்பிடு தூரத்தில் கேனைக் கட்டிக்கொண்டு கூப்பிட்ட மனுஷன் அல்லவா?

மகா அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, “நானும்தானேம்மா சொன்னேன், நானும்தானே சொன்னேன்,” என்று அழுதாள். பேச்சியம்மாள் அவளைத் தேற்றவில்லை. மேசையை விட்டு நகரவும் இல்லை. யார் வந்து எழுப்பினாலும் கையை உதறினாள். சாயங்காலம் காற்று ஏற ஆரம்பித்ததும் மேசையை மடக்கி வண்டியில் ஏற்றினார்கள். அதுவரைக்கும் அவள் ஒரே பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். சங்கரலிங்கம் என்று அல்ல. கிளீட்டஸைக் காணவில்லை, கிளீட்டஸைக் காணவில்லை என்று.